புதுப் பங்கு வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்போம்

(நமது பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், வணிகவியல் துறைப் பழைய மாணவரும் கோவையில் தணிக்கையாளராகப் பணிபுரிபவருமான நம் உறுப்பினர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. – மலர்க் குழு)



"பங்கு மார்க்கெட்டைப் பத்திப் பேசுங்க, எதை வாங்கலாம்னும் சொல்லிருங்க" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். முதல் பாதியைச் செய்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று மேடை போட்டுச் சொல்வதற்கு செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு என்னிடம் இல்லை. ஆகவே பென்சில் பேப்பரோடு வந்தவர்கள் ஏமாந்து போக வேண்டாம். வேறு விஷயத்துக்கு அந்தப் பென்சில் தேவைப்படும்.

நான் இன்றைக்கு எடுத்துக் கொண்டிருப்பது புதுப் பங்கு வெளியீடு. ஐ.பி.ஓ. என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆபீசுக்கு வருகிற இளைஞர்கள் வாராவாரம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்ணா, இந்த ஐ.பி.ஓ. போடலாமுங்களா?" அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மாடு வாங்குகிறோம், தறி வாங்குகிறோம், தோட்டம் வாங்குகிறோம். ஐ.பி.ஓ.வை மட்டும் "போடுகிறோம்". சீட்டுப் போடுகிற மாதிரி. விழுந்தால் லாபம், விழாவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும், அவ்வளவுதானே என்கிற நினைப்பு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நாம் ஒரு தொழிலில் பங்காளி ஆகிறோம் என்கிற நினைப்பு அதற்குள் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நம் அப்பா காலத்திலிருந்து வந்தது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 1947-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, ஒரு கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டுமானால் டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். விலையையும் அவர்தான் ஒத்துக் கொள்ள வேண்டும். அவர் ஒரு சூத்திரம் வைத்துக் கணக்குப் போட்டு, பெரும்பாலும் சந்தை மதிப்புக்கு மிகக் கீழே விலை வைப்பார். 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தினால் கோல்கேட் மாதிரியான வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கைக் குறைத்து இந்தியர்களுக்கு விற்க வேண்டி வந்தபோதும் அதே கதைதான். 100 ரூபாய்ப் பண்டத்தை 30-க்கும் 40-க்கும் சர்க்காரே வாங்கிக் கொடுத்த மாதிரி. 1977-ல் ரிலையன்ஸ் வெளியீடு வந்தபோது 7 மடங்கு விண்ணப்பம் குவிந்தது. அந்தக் காலத்தில் "போட்டவர்கள்" முட்டாள்கள் அல்ல. விலை அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

1992 மே மாதம் அந்தக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. இனிமேல் கம்பெனியே விலை வைத்துக் கொள்ளலாம். விவரங்களை ஒளிக்காமல் சொன்னால் போதும், செபி பார்த்துக் கொள்ளும் என்றார்கள். நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் விலை வைக்கிற கை மாறியது நம் ஜனங்களுக்கு உறைக்கவில்லை. நேற்று வரைக்கும் வாங்குகிறவனுக்குச் சாதகமாக விலை வைத்த அதிகாரி போய்விட்டார். இன்றைக்கு விற்கிறவரே விலை வைக்கிறார். பழக்கம் மட்டும் பழைய பழக்கம்.

அதன் பலன் என்ன ஆயிற்று என்பதை என் வயதுக்காரர்கள் கண்ணால் கண்டவர்கள். கோயமுத்தூருக்கென்று 1991-ல் சொந்தமாகவே ஒரு பங்குச் சந்தை வந்தது. திருச்சி ரோட்டில் அதன் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1993, 94, 95 வருஷங்களில் தரகர் ஆபீசுகளில் விண்ணப்பப் பாரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொரு பாரத்திலும் தரகரின் ரப்பர் முத்திரை. பாங்க் வாசலில் கியூ. 1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி மியூச்சுவல் ஃபண்டுக்கு வந்த கூட்டத்தில், இலவசமாகக் கொடுக்க வேண்டிய பாரத்தையே சில ஊர்களில் காசுக்கு விற்றார்கள். இறால் பண்ணை, பூ ஏற்றுமதி, தேக்கு மரம், கிரானைட், பைனான்ஸ் என்று பெயரைக் கேட்டாலே வாய் ஊறுகிற கம்பெனிகள் எல்லாம் வந்தன. பிறகு பல கம்பெனிகளின் விலாசத்துக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. மத்திய அரசே "மாயமான கம்பெனிகள்" என்று 200-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியல் போட்டது. எங்கள் கிளையண்ட் வீடுகளில் பீரோவைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்து அந்தச் சர்டிபிகேட்டுகள் இன்னும் இருக்கின்றன. நல்ல கெட்டிப் பேப்பர், அழகான பார்டர். கோவைப் பங்குச் சந்தையும் வியாபாரம் இல்லாமல் போய், 2013-ல் செபியின் உத்தரவோடு அங்கீகாரத்தை விட்டு வெளியேறியது.

இப்போது நிலைமை ரொம்ப மாறியிருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு செக் கொடுத்துவிட்டு ரீபண்ட் ஆர்டருக்கு மாதக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக் கொண்டிருந்தோம். 2016-லிருந்து எல்லோருக்கும் ஒரே முறை: பணம் நம் பாங்க் கணக்கிலேயே நிற்கும், பங்கு ஒதுக்கினால்தான் போகும். 2023 டிசம்பரிலிருந்து, விண்ணப்பம் முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்கு சந்தைக்கு வந்தாக வேண்டும். போனில் இரண்டு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. பணம் மாயமாகிற பயம் குறைந்திருக்கிறது. ஆனால் சல்லிசாகக் கிடைக்க வேண்டியதை அதிக விலைக்கு வாங்குகிற ஆபத்து எள்ளளவும் குறையவில்லை. தட்டுவது சுலபமானதால் கூடியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, எப்படிப் பார்ப்பது? நமக்கு இது தெரியாத வித்தை அல்ல. நம்மூர்க்காரர் ஒருவர் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கோ கன்னபுரம் தேர்ச் சந்தைக்கோ போய் காங்கயம் காளை பிடிக்கிறார் என்றால் சும்மா பிடிப்பாரா? பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். அதைவிட முக்கியமாக ஒன்று கேட்பார்: "நல்ல மாடுன்னா ஏனுங்க விக்கறீங்க?" தோட்டம் வாங்கினால் மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, 30 வருஷத்து வில்லங்கம் எல்லாம் போட்டுப் பார்த்து, வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டு, அதற்கப்புறம்தான் அட்வான்ஸ். அதே மனுஷர் ஐ.பி.ஓ. என்றால் மச்சினன் சொன்னான் என்று 15,000 ரூபாயைத் தட்டிவிட்டுப் போகிறார்.

பங்கு வெளியீட்டுக்கும் வில்லங்கச் சான்றிதழ் உண்டு. அதன் பெயர் பிராஸ்பெக்டஸ். 400, 500 பக்கம் இருக்கும். செபியின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். இறுதி வடிவம் வருவதற்கு முன்பே வரைவு வந்துவிடுகிறது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. நான் முதலில் திறக்கிற பக்கம் "வெளியீட்டின் நோக்கங்கள்". என் பணம் எங்கே போகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் விண்ணப்பிக்கக் கூடாது என்பது என் கட்சி.

பணம் இரண்டு வழியில் போகலாம். கம்பெனி புதிதாகப் பங்கு அச்சடித்து விற்றால் பணம் கம்பெனிக்குள் வரும். மெஷின் வாங்கலாம், கடன் அடைக்கலாம். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் தன் பங்கை விற்றால், பணம் அவர் சட்டைப் பைக்குப் போகும். கம்பெனிக்கு அதில் ஒரு பைசா வராது. இரண்டுக்கும் பெயர் ஐ.பி.ஓ.தான். விளம்பரத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம்மூர் உதாரணமே சொல்கிறேன். 1986-ல் கோவையில் தொடங்கிய கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன், 2021 மார்ச்சில் மக்களிடம் வந்தது. விலை 1,490 ரூபாய். மொத்தம் சுமார் 824 கோடி. இதில் கம்பெனிக்குப் புதிதாக வந்தது 150 கோடி மட்டும். அதையும் முக்கியமாகக் கடன் அடைக்க என்று சொல்லியிருந்தார்கள். மீதி சுமார் 674 கோடி பழைய பங்குதாரர்களுக்கு. அவர்களில் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனமும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமும் உண்டு. இது தப்பா? இல்லவே இல்லை. பல வருஷம் முன்பு பணம் போட்டவர்கள் ஒருநாள் வெளியே வரத்தான் வேண்டும். ஆனால் "நான் கம்பெனி வளர்ச்சிக்குப் பணம் கொடுக்கிறேன்" என்று நினைத்துக் கொண்டு வாங்குவதும், "வெளியே போகிறவரிடமிருந்து வாங்குகிறேன், அவர் சொல்கிற விலை எனக்குக் கட்டுமா?" என்று கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல.

இந்தப் பங்கு 2021 மார்ச் 25-ம் தேதி சந்தைக்கு வந்தபோது 1,350 ரூபாய்தான். முதல் நாளே 140 ரூபாய் கீழே. "கோயமுத்தூர்க் கம்பெனின்னு நம்பிப் போட்டேனுங்க, கவுத்துப் போட்டாங்க" என்று போன் மேல் போன். விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. அதே பங்கு 2023-ல் 4,000 ரூபாயைத் தாண்டியது. முதல் நாள் விலையை வைத்து ஒரு தொழிலை எடை போடுவது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்து மாப்பிள்ளையை எடை போடுகிற மாதிரி.

விற்கிறவர் பங்கு மட்டுமே என்றால் உடனே மோசம் என்றும் முடிவு கட்டக் கூடாது. கோவை பக்கத்து அப்பநாயக்கன்பட்டிப் புதூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த வேலுமணி அவர்கள் மும்பையில் ஆரம்பித்த தைரோகேர், 2016 ஏப்ரலில் 446 ரூபாய்க்கு வந்தது. அது முழுக்க முழுக்கப் பழைய பங்கு விற்பனை. கம்பெனிக்கு ஒன்றும் வரவில்லை. கம்பெனிக்குப் பணம் தேவைப்படவும் இல்லை. 73 மடங்கு விண்ணப்பம். 2021-ல் அவரே தன் குடும்பப் பங்கை ஒரு பங்கு 1,300 ரூபாய் என்று விற்றார். ஆகவே பக்கத்தைத் திறந்து பார்ப்பது சட்டென்று தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. சரியான கேள்வியைக் கேட்பதற்காக.

அடுத்து விலை. "300 ரூபாதானுங்க, சல்லிசா இருக்குது" என்பார்கள். 300 ரூபாய் என்பது விலையே அல்ல. ஒரு கணக்குப் போடுங்கள், இப்போது பென்சிலை எடுக்கலாம். ஒரு நூற்பாலை, கற்பனையாகச் சொல்கிறேன், மொத்தம் 2 கோடிப் பங்கு. ஒரு பங்கு 300 என்றால் முழு மில்லுக்கும் 600 கோடி விலை சொல்கிறார்கள். போன வருஷ நிகர லாபம் 12 கோடி. அதாவது லாபம் ஏறாமல் இறங்காமல் இருந்தால், போட்ட பணத்தை அந்த மில் சம்பாதிக்க 50 வருஷம். அவிநாசி ரோட்டில் ஒரு புரோக்கர் இதே மில்லை இந்த விலைக்குக் காட்டினால் என்ன சொல்வீர்கள்? டீ கூட வாங்கித் தராமல் அனுப்பிவிடுவீர்கள். லாபம் வேகமாக வளரும் என்று நம்பக் காரணம் இருந்தால் 50 மடங்கும் கொடுக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை உங்கள் வாயால் உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

லாபக் கணக்கில் இன்னொரு இடம் பார்க்க வேண்டும். திருப்பூர் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பில் போட்டாயிற்று, சரக்குப் போயிற்று, பணம் வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் லாபம், பாங்க் பாஸ்புக்கில் ஓவர் டிராஃப்ட். பிராஸ்பெக்டஸில் லாப நட்டக் கணக்குக்குப் பக்கத்திலேயே பணப் புழக்கக் கணக்கும் இருக்கும். வெளியீட்டுக்கு முந்தின வருஷம் லாபம் மட்டும் தாவிக் குதித்து, உள்ளே வந்த பணம் குதிக்கவில்லை என்றால் அங்கே நின்று யோசியுங்கள். பந்தக்கால் நட்ட பிறகு வெள்ளையடித்த வீடு அது.

"அபாயக் காரணிகள்" என்றொரு பகுதி 30, 40 பக்கத்துக்கு வரும். பாதி வழக்கமான சமாச்சாரம்: யுத்தம் வரலாம், மழை வரலாம். அதைத் தாண்டினால், விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரா, கோர்ட்டில் என்ன வழக்கு, புரமோட்டர் தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் கம்பெனியே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கும். நம்மூர் ஜனங்கள் 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிக்குப் பணம் கட்டினார்களே, திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொன்னவரை நம்பிக் கொடுத்தார்களே, அங்கெல்லாம் இப்படி ஒரு புத்தகம் கிடையாது. இங்கே சட்டம் போட்டுப் புத்தகம் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்காமல் போடுகிறவருக்கு ஈமுவும் ஒன்று, ஐ.பி.ஓ.வும் ஒன்று.

"இவ்வளவு எதுக்குங்க, எத்தனை மடங்கு விண்ணப்பம் வந்திருக்குதுன்னு கடைசி நாள் சாயங்காலம் பார்த்தாப் போதுமே?" என்பவர்களுக்கு இரண்டு சரித்திரம். 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வந்தது. 70 மடங்குக்கு மேல் விண்ணப்பம். சிறு முதலீட்டாளருக்குத் தள்ளுபடி போக 430 ரூபாய். அன்றைக்கு அந்தக் கம்பெனியிடம் ஓடிக் கொண்டிருந்த மின் நிலையம் ஒன்று கூடக் கிடையாது, எல்லாம் திட்டம். பிப்ரவரி 11-ம் தேதி சந்தைக்கு வந்தது, முதல் நாள் முடிவில் 372 ரூபாய் 50 காசு. இன்னொன்று 1993 பிப்ரவரி. 95 ரூபாய் விலையில் வந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் வெளியீடு நிரம்பவே இல்லை. மிச்சத்தில் ஒரு பெரும்பங்கை மார்கன் ஸ்டான்லி எடுத்துக் கொண்டுதான் கரை சேர்ந்தது. அதன் பெயர் இன்ஃபோசிஸ். கூட்டம் ஒன்றை நிரூபிக்கும்: கூட்டம் வந்தது என்பதை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. தம்பிமார்கள் இதை மட்டும் எழுதிக் கொண்டு போனால் கூடப் போதும். "சராசரியாக ஐ.பி.ஓ.க்கள் முதல் நாளில் இத்தனை சதவீதம் லாபம்" என்று பேப்பரில் போடுகிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் சராசரி அல்ல. ஏன்? எல்லோரும் விரும்புகிற வெளியீட்டில் குலுக்கல் நடக்கும்; பத்துப் பேரில், இருபது பேரில் ஒருவருக்கு ஒரு லாட் விழும். யாரும் விரும்பாததில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும். 2021 நவம்பரில் பேடிஎம் 18,300 கோடிக்கு வந்தது, 2,150 ரூபாய், இரண்டு மடங்கு கூட நிரம்பவில்லை. கேட்டவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது. முதல் நாளே கால்பங்குக்கு மேல் விலை போயிற்று. தைரோகேர் கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? எதையும் படிக்காமல் வருகிற எல்லாவற்றிலும் "போட்டுக் கொண்டே" இருப்பவரின் கணக்கில், நல்லது கிள்ளியும் சொத்தை அள்ளியும் சேரும். சந்தை முடிகிற நேரத்தில் போய்க் கூடை நிறைய வாங்குகிற மாதிரி. அந்த நேரத்திலும் நல்ல காய் ஒன்றிரண்டு கிடக்கும், இன்ஃபோசிஸ் கிடந்தது போல. ஆனால் அதைப் பொறுக்கி எடுக்க காயைத் தெரிந்திருக்க வேண்டும்.

கிரே மார்க்கெட் பிரீமியம் என்று ஒரு எண் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அது மாதிரி ரகசிய வியாபாரம். ஒரு வித்தியாசம்: சந்தையில் துண்டுக்குப் பக்கத்தில் மாடு நிற்கும். இங்கே எத்தனை பேர், எத்தனை பங்கு, யார் கிளப்பியது என்று எதற்கும் ரசீது கிடையாது. எந்தச் சட்டத்துக்கும் உட்பட்டது இல்லை.

விற்கிற விஷயத்தில் நாம் செய்கிற விநோதத்தை செபியே ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த வெளியீடுகளில், தனிநபர்கள் தங்களுக்கு ஒதுக்கியதில் மதிப்பின்படி பாதியை ஒரே வாரத்தில் விற்றிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் 70 சதவீதத்தை. அதிலும் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியதை ஒரு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு விற்றிருக்கிறார்கள். இறங்கியதில் கால்பங்கு கூட விற்கவில்லை. பால் கறக்கிற மாட்டை விற்றுவிட்டு, வறட்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுகிறோம்.

சிறு கம்பெனிகளுக்கான எஸ்.எம்.இ. வெளியீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-ல் இதற்குத் தனி மேடை வந்தது. நம்மூர்ப் பம்பு, வார்ப்படம், ஜவுளித் தொழில்களுக்கு இது உண்மையிலேயே தேவையான வழி. பாங்க் கடனை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? ஆனால் 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூமும் 8 ஊழியர்களும் வைத்திருந்த ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் என்ற கம்பெனி 12 கோடி கேட்டது. வந்து குவிந்த விண்ணப்பம் சுமார் 4,800 கோடி. கடையைப் போய்ப் பார்த்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பட்டியலான அன்று வெளியீட்டு விலையான 117 ரூபாயிலேயே தொடங்கியது. அதற்குப் பிறகு செபி விதிகளை இறுக்கியிருக்கிறது. இந்த வெளியீடுகளில் இப்போது குறைந்தபட்ச விண்ணப்பமே 2 லட்சத்துக்கு மேல். மாணவர்களே, இது உங்கள் பாக்கெட் மணிக்கான இடம் அல்ல.

ஓய்வு பெற்ற என் நண்பர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. பங்கு என்பது டெபாசிட் அல்ல. இதற்கு நம் பகுதியிலேயே ஒரு பெரிய பாடம் நடந்தது. 1926-ல் கரூரில் வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்த லட்சுமி விலாஸ் பாங்க், 2020 நவம்பர் 27-ம் தேதி டி.பி.எஸ். பாங்கோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது. ஒரே பாங்க், ஒரே நாள். தாத்தா காலத்துப் பங்கு, பரம்பரைச் சொத்து என்று வைத்திருந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும். பென்ஷன் பணத்தில் எவ்வளவு பங்கில் போடலாம் என்று கேட்கிறவர்களிடம், அது மொத்தமும் போனாலும் அடுத்த மாத மருந்துச் சீட்டு நிற்காது என்றால் போடுங்கள் என்கிறேன்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒன்று. இது கொஞ்சம் கண்டிப்பாகவே. சிறு முதலீட்டாளருக்கு என்று, லாபத்தில் ஓடும் கம்பெனிகளின் வெளியீட்டில் 35 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பான் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம். குலுக்கலில் ஒரே பேரில் 5 லாட் கேட்பதைவிட, வீட்டில் அப்பா, அம்மா, அக்கா என்று அவரவர் சொந்தப் பணத்தில் ஆளுக்கு ஒரு லாட் கேட்டால் வாய்ப்பு அதிகம். இது சட்டப்படி சரி. ஆனால் காலேஜ் ஹாஸ்டல்களுக்கு வந்து, "உன் பான் கார்டு, டீமேட் கணக்கு, பாங்க் கணக்கு மூன்றையும் கொடு தம்பி, நாங்கள் பணம் போட்டுக் கொள்கிறோம், ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு கமிஷன்" என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். 2005-ல் யெஸ் பாங்க், ஐ.டி.எஃப்.சி. வெளியீடுகளில் ஆயிரக்கணக்கான போலிப் பெயர்களில் கணக்குத் திறந்து, சிறு முதலீட்டாளர் பங்கை அள்ளிக் கொண்டு போனதை செபி கண்டுபிடித்தது. அன்றைக்குப் பெயர்கள் போலி. இன்றைக்குப் பெயர் உங்களுடைய நிஜப் பெயர். 500 ரூபாய் கமிஷனுக்காக, வருமான வரி நோட்டீஸ் உங்கள் அப்பா பார்க்கிற வீட்டு விலாசத்துக்கு வரும். அந்தக் கணக்கு வழியாக வேறு யாருடைய திருட்டுப் பணமாவது போயிருந்தால் போலீஸும் வரும். அப்படி ஒரு பையனுக்குப் பதில் எழுதிக் கொடுக்கிற வேலை இப்போது எங்கள் ஆபீசில் இருக்கிறது. இறுதியாண்டு படிக்கிறான். கல்லூரி வேறு, பெயர் வேண்டாம்.

"அப்ப எதுல ஆரம்பிக்கறதுங்க சார்?" என்று அந்தத் தங்கச்சி கை தூக்குகிறது. பணத்தில் ஆரம்பிக்க வேண்டாம் கண்ணு. வரப் போகிற வெளியீடு ஒன்றின் வரைவை இறக்கி வைத்துக்கொள். நோக்கங்கள், பங்கு மூலதன வரலாறு, அபாயக் காரணிகள், பணப் புழக்கம் என்று நாலு இடம் படி. அந்தப் பங்கு மூலதன வரலாறு ருசியான பகுதி; இன்றைக்கு உனக்கு 500 ரூபாய்க்குக் கொடுப்பவர் இரண்டு வருஷம் முன்பு எவ்வளவுக்கு வாங்கினார் என்று அதில் இருக்கும். படித்து முடித்து, விலை கட்டுமா கட்டாதா என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு வை. ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார். இப்படிப் பத்து எழுதிய பிறகு 15,000 ரூபாய் போடுவதைப் பற்றிப் பேசலாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். 2 மணிக்கு வணிகவியல் துறையின் பழைய வகுப்பறையில் கிராஃப்ட்ஸ்மேன் கம்பெனியின் 2021-ம் வருஷத்து பிராஸ்பெக்டஸ் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். நாள் கழிந்துவிட்ட சமாச்சாரம் என்பதால் யாருக்கும் ஆசையும் வராது, பயமும் வராது, பொறுமையாகப் படிக்கலாம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். நோக்கங்கள் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.